அறுபத்தோரு புகார்கள்

"இந்த மாசமும் வந்தாச்சு. பிடிங்க உங்க பாராட்டுப் பத்திரத்தை!"

பதிவுத் தபாலை மேஜைமேல் வீசினாள் மனைவி. வேலை முடிந்து வந்த வெல்டர், பூட்ஸைக்கூடக் கழற்றாமல் பிரித்துப் படித்தான்.

கீழ்வீட்டுக்காரர் குடியிருப்பு அலுவலகத்துக்கு எழுதிய புகாரின் நகல். 'மூன்றாம் மாடி, ஏழாம் எண் வீட்டில் வசிக்கும்' என்று தொடங்கி, புருஷன், பெண்டாட்டி, குழந்தை மூவர் பேரையும் ஒரு எழுத்து விடாமல் எழுதியிருந்தார். போன மாசம் நாற்காலி இழுக்கிற சத்தம். அதற்கு முந்தின மாசம் குழந்தை குதிக்கிற சத்தம். இந்த மாசம் வெல்டரின் குறட்டை.

"இது ஒண்ணுதான் நிஜம்," என்றாள் மனைவி. "அதுக்காக அஞ்சு வருஷமா, மாசம் தவறாம, தபால் செலவு பண்ணியா எழுதுவாங்க? எல்லாத்தையும் பெட்டியில போட்டு வச்சிருக்கேன். இந்த வீட்டைக் காலி பண்ற அன்னிக்கு மொத்தத்தையும் அந்த ஆள் மூஞ்சியில வீசிட்டுத்தான் கிளம்புவேன்!"

"விடு தாயே. நாளைக்கு நேர்காணல் இருக்கு. அதை நினை."

இந்த நாட்டிலேயே நிரந்தரமாகத் தங்க அனுமதி கேட்டு விண்ணப்பித்திருந்தார்கள். கிடைக்காவிட்டால் விசா முடிந்ததும் மூட்டை கட்ட வேண்டியதுதான். மகள் இந்த வருஷம்தான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருக்கிறாள்.

மறுநாள் அதிகாரியம்மா காகிதங்களைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"அஞ்சு வருஷம் தொடர்ந்து இங்கே குடியிருந்ததுக்கு அத்தாட்சி எங்கே?"

வீட்டு ஒப்பந்தம், மின்சார ரசீது, தண்ணீர் ரசீது எல்லாம் முன்பு குடியிருந்த நண்பன் பேரில். பேர் மாற்றுவது இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போய்விட்டது. வேலையும் காண்ட்ராக்ட், ஆறு கம்பெனி மாறியாகிவிட்டது.

"நீங்க இங்கேதான் இருந்தீங்கன்னு யார் சொல்லுவாங்க?"

மனைவிக்குப் பொறுக்கவில்லை. "கீழ்வீட்டுக்காரரைக் கேளுங்க மேடம்! நாங்க மூச்சு விட்டாக்கூடப் பதிவுத் தபால்ல புகார் எழுதுவார். ஒரு பெட்டி நிறைய இருக்கு!"

வெல்டர் அவள் காலை மிதித்தான். அடிப்பாவி, காரியத்தையே கெடுத்துட்டியே!

அதிகாரியம்மா பேனாவைக் கீழே வைத்தார். "அதுல தேதி இருக்கா? தபால் முத்திரை?"

"எல்லாம் இருக்கு."

"அந்தப் பெட்டியைக் கொண்டுவாங்க."

கொண்டுபோய்க் கொட்டினார்கள். மொத்தம் அறுபத்தொன்று. குடிவந்த அடுத்த மாசத்திலிருந்து ஒரு மாசம் விடுபடவில்லை. கடைசிக் கடிதத்தைப் படித்து அதிகாரியம்மா சிரித்தேவிட்டார்.

"ஊர்ல இல்லாத மனுஷன் குறட்டை விட முடியாதே!"

அனுமதி கிடைத்துவிட்டது.

அன்று மாலையே மனைவி ஒரு கூடை பழம் வாங்கினாள். "என்ன இருந்தாலும் அந்த மகராசனாலதானே!"

"நேத்து மூஞ்சியில வீசப் போறேன்னே?"

"பழத்தையும் வேணா வீசறேன். வாங்க பேசாம!"

கீழ்வீட்டு மணியை மூன்று தடவை அடித்தார்கள். பதில் இல்லை. படியேறி வந்த பெண் ஒருத்தி, கையில் சாவியோடு நின்றாள்.

"அப்பாவைப் பார்க்கவா? மணி அடிச்சா எப்படித் தெரியும்? பாய்லர் கம்பெனி வேலையில அவருக்கு ரெண்டு காதும் போய் இருபது வருஷமாச்சே! உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிஞ்சுக்குவார்."

அவள் கதவைத் திறந்து இருவரையும் உள்ளே அழைத்தாள்.

உள்ளே போனதும் வெல்டரின் வாயில் வந்தது ஒன்றுதான். "அப்போ என் குறட்டை?"

"இந்த உடம்புக்கு விடாமலா இருப்பீங்க?" என்று கடகடவென்று சிரித்தார் கீழ்வீட்டுக்காரர். "உங்க தபால்பெட்டியில வேற யாரோ பேர் ஒட்டியிருந்துச்சு. நானும் அப்படி அடுத்தவன் பேர்ல குடியிருந்து, அத்தாட்சி இல்லாம பதினோரு வருஷம் ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சவன்தான்."

மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. "அதுக்கு, நல்ல குடும்பம்னு எழுதியிருக்கலாமே ஐயா? அஞ்சு வருஷமா உங்களைக் கரிச்சுக் கொட்டிட்டேனே!"

"நல்லவங்கன்னு எழுதினா, எவ்வளவு வாங்கினேன்னு கேப்பாங்கம்மா. குறை சொல்லி எழுதிப் பாருங்க, ஒருத்தரும் சாட்சி கேக்க மாட்டாங்க!"