அரை இஞ்சு பைப்பு

சேவுகன் வீட்டுக் குழாயில் மட்டும் தண்ணீர் குடம் குடமாகக் கொட்டும். அடுத்த வீட்டுக்காரனான எனக்கு ஒரு குடம் நிரம்ப முக்கால் மணி நேரம். தெருவுக்கே அரை இஞ்சு பைப்புக்குத்தான் அனுமதி. அவன் திருட்டுத்தனமாக ஒரு இஞ்சு பதித்திருக்கிறான், அதை எவனும் எனக்குச் சொல்லத் தேவையில்லை. இன்று காலை நேரிலேயே கேட்டுவிட்டேன்.

"தோண்டித்தான் பாருங்களேன் பெரியப்பா, புதையல் கெடந்தாலும் கெடக்கும்" என்று சிரித்தான்.

கையிலிருந்த கடப்பாரையால் அந்த வாயிலேயே ஒன்று போட்டேன். விழுந்தவன் தோளில் இன்னொன்று. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

போலீஸ் வருவதற்குள் ஊருக்குக் காட்டிவிட வேண்டும் என்று தோண்டினேன். அவன் பைப்பை உடைத்துப் பார்த்தேன். பிளாஸ்டிக். அரை இஞ்சுதான். நம்பாமல் பக்கத்தில் ஓடிய என் பைப்பையும் உடைத்தேன். அதுவும் அரை இஞ்சு, ஆனால் இரும்பு. பிளாஸ்டிக்கை எவன் நம்புவான் என்று நான் கேட்டு வாங்கிப் போட்டது. உள்ளே உப்பு கல்லாக இறுகி, ஒரு தீக்குச்சி நுழையும் ஓட்டைதான் மிச்சம் இருந்தது.

குழியில் தண்ணீர் ஏறி இரண்டு பைப்பையும் மறைத்துக்கொண்டிருந்தது. புருஷன் சேவுகனை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு வந்த மீனாள் விளிம்பில் நின்றாள். சேலையெல்லாம் ரத்தம்.

"எத்தன இஞ்சு மாமா இருந்துச்சு?"

"ஒரு இஞ்சு" என்றேன்.

"எங்க, காட்டுங்க" என்று அவள் குழிக்குள் இறங்கினாள்.