கொடியில் ஒரு கவுன்

பிள்ளைகள் இல்லாமல் பள்ளிக்கூடத்தை மூடப்போகிறார்கள் என்றதும், குழந்தையோடு குடிவருபவர்களுக்கு வாடகையில்லாமல் வீடு தர ஊராட்சி முடிவு செய்தது. தெரு வெறிச்சென்று தெரியக் கூடாது என்பதால், பூட்டிய வீடுகளின் கொடிகளில் துணி காயப்போடும் வேலை செண்பகவல்லிக்குக் கிடைத்தது. ஒரு மாதம் கழித்து முதல் குடும்பம் வீடு பார்க்க வந்தது. அந்தப் பெண் ஒரு சின்னக் கவுனைத் தொட்டுத் திருப்பினாள். வெயில் பட்ட பக்கம் மட்டும் வெளுத்திருந்தது.

"இத யாருமே போட்டுக்கலையாக்கா?"

கூட வந்த ஊராட்சித் தலைவர் இருமினார்.

"அதுக்கும் ஆள் தேடிக்கிட்டுத்தான் இருக்கோம்" என்றாள் செண்பகவல்லி.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. மகன் பேருந்தில் வாந்தியெடுத்த சட்டையைத் தெருக்குழாயில் அலசி, கவுனைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு, பக்கத்தில் போட்டாள்.

"இது காயட்டும். முடிவச் சொல்றேன்."

சுள்ளென்று அடித்த வெயிலில் தலைவர் ஒரு மேகத்தைத் தேடினார்.