முதலாளி வீட்டுப் பிள்ளை

“எங்க வீட்டுப் பிள்ளை ஒன்பது மணிக்கு மேல முழிச்சிருந்ததா சரித்திரமே கிடையாது, டாக்டரம்மா” என்றார் மாணிக்கவாசகம்.

பக்கத்து நாற்காலியில் பேரன் ராகேஷ் வந்த கொட்டாவியை விழுங்கினான். அவனுக்கு வயது பத்து. எடை மட்டும் அந்த வயதை விட்டு எங்கோ போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் நடந்த பரிசோதனையில் அதைக் கண்டு, குழந்தை மருத்துவரிடம் காட்டச் சொல்லியிருந்தார்கள்.

மாணிக்கவாசகத்துக்குத் தி. நகரில் மூன்று மாடி ஜவுளிக்கடை. ஆழ்வார்பேட்டை டாக்டர் கோமளமோ மகள் கல்யாணத்துக்கு அந்தக் கடையில் பட்டு எடுத்தவர். அவர் முன்னால் வீட்டுக் குறையை அவிழ்த்துப் போட முடியுமா? “அங்கே நான்தான் பேசுவேன். நீ வாயைத் திறக்கப்படாது” என்று காரிலேயே மருமகள் சண்முகவடிவிடம் சொல்லிவிட்டார். “சரி மாமா” என்று அவளும் தலையாட்டியிருந்தாள்.

“போன், டிவி எல்லாம் எப்படி?” என்று கேட்டார் டாக்டர்.

“போனா? நம்ம வீட்டுல பிள்ளைங்க கையில அதைக் குடுக்கிறதே இல்ல.”

ராகேஷ் அண்ணாந்து பார்த்தான். “தாத்தா, நீங்கதானே…”

“பெரியவங்க பேசையில குறுக்க வரப்படாது ராசா.”

“ஸ்கூலுக்கு?”

“நடந்துதான். பக்கத்துத் தெருதானே.”

அந்தப் பக்கத்துத் தெருவுக்குத் தினமும் கார்தான் போய்க்கொண்டிருந்தது. முதலாளி வீட்டுப் பிள்ளை பையைத் தூக்கிக்கொண்டு நடந்தால் கோபாலபுரத்தில் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று, அந்த ஏற்பாட்டைச் செய்தவரே அவர்தான்.

டாக்டர் பையனிடமே கேட்டார். “சாயந்திரம் என்னப்பா விளையாடுவே?”

“கிரிக்கெட், ஆன்ட்டி.”

“பேட்டிங்கா, பவுலிங்கா?”

“தேர்டு அம்பயர்.”

“பார்த்தீங்களா, பதவியே குடுத்து வச்சிருக்காங்க” என்று மீசையைத் தடவிக்கொண்டார் மாணிக்கவாசகம். டாக்டருக்கு இருமல் வந்தது. சண்முகவடிவு குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். முகம் மாறியிருந்தது.

“ஐயா, இப்பதான் எனக்குக் கவலையா இருக்கு.”

“ஏன், எல்லாம் ஒழுங்காத்தானே இருக்கு?”

“அதனாலதான். பொதுவா ராத்திரி போனைப் பார்த்துக்கிட்டு முழிச்சிருக்கிற பிள்ளைங்களுக்குத் தூக்கம் பத்தாது. தூக்கம் பத்தலைன்னா பசி கண்டபடி எடுக்கும். பகல்ல ஓடியாட உடம்பு வணங்காது. எடை ஏறிடும். அதுவா இருந்தா பழக்கத்தை மாத்தினாலே போதும். இவன் நேரத்துக்குத் தூங்குறான், நடக்கிறான், விளையாடுறான், போனைத் தொடுறதில்ல. அப்படியும் எடை ஏறுதுன்னா உள்ளே வேற ஏதோ இருக்கணும். ஆஸ்பத்திரியில ரெண்டு நாள் வச்சு ஹார்மோன் டெஸ்ட் எல்லாம் எடுத்துடலாம். சகினா, முதல்ல ரத்தம் எடுத்துடும்மா.”

நர்ஸ் சகினா தட்டோடு வந்தாள். ஊசியைப் பார்த்ததும் ராகேஷ் தாத்தாவின் சட்டையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டான்.

மாணிக்கவாசகத்துக்கு நெற்றி வியர்த்தது. “டாக்டரம்மா, ஒன்பதுன்னு சொன்னேன்ல… சில நாள் பத்து ஆகும்.”

“பத்து மணிக்கெல்லாம் இவ்வளவு எடை ஏறாதுங்க.”

“பதினொண்ணுன்னு வச்சுக்கிடுங்களேன்.”

“கையைத் துடைம்மா சகினா.”

“போனை… தொடமாட்டான்னு இல்ல. சும்மா ஒரு பொழுதுபோக்குக்கு.”

கடையில் ஒரு ரூபாய் குறைத்துப் பழக்கமில்லாதவர், இங்கே பொய்க்கு விலை குறைத்துக்கொண்டே வந்தார். சகினா பையனின் முழங்கைக்கு மேலே பட்டையைக் கட்டினாள்.

“தாத்தா, வேணாம்னு சொல்லுங்க தாத்தா…”

“நிறுத்தும்மா!” மாணிக்கவாசகம் எழுந்தே விட்டார். “பிள்ளைக்கு ஒரு சீக்கும் இல்ல. எல்லாம் நான் செஞ்சதுதான். கடையை மூடிட்டு நான் வீடு வர்ற வரைக்கும் முழிச்சே இருப்பான். தாத்தா இல்லாம எம் பேரன் சாப்பிடமாட்டான்னு கடைக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் பெருமை பேசுவேன். வர்ற வழியில பரோட்டா வாங்கிட்டு வருவேன். ரெண்டு பேரும் அதைத் தின்னுக்கிட்டே என் போன்ல மல்யுத்தம் பார்ப்போம். படுக்கப் பன்னிரண்டு தாண்டிரும். ஸ்கூலுக்குக் கார். கிரவுண்டுக்கு அனுப்பினதே இல்ல. போதுமா?”

அவர் மூச்சு வாங்க மருமகளைக் காட்டினார். “இவளைப் பாருங்க. பெத்த பிள்ளை கையில ஊசி வந்தப்பகூட என் பேச்சைத் தாண்டி ஒரு வார்த்தை பேசினாளா? அதுதான் எங்க குடும்பம்.”

டாக்டர் சகினாவைப் பட்டையை அவிழ்க்கச் சொன்னார். “அப்ப ஊசி வேண்டாம். ராத்திரி அவனுக்காக நீங்க சீக்கிரம் வாங்க, இல்ல அவன் உங்களுக்காகக் காத்திருக்க வேண்டாம். போனை மறந்துடுங்க. தினமும் வேர்க்க விளையாடட்டும். ஒரு மாசம் கழிச்சுப் பார்ப்போம்.”

“மாணிக்கவாசகம் சொன்னா சொன்னதுதான். வடிவு, நீ கார்ல வா. நானும் பேரனும் நடந்து போறோம்.”

“வீடு வரைக்குமா தாத்தா?”

“வீடு வரைக்கும்தான். பார்க்கிறவன் பார்க்கட்டும்.”

பேரன் கையைப் பிடித்துக்கொண்டு, முதுகு வளையாமல் வெளியே வந்தார். வாசலில் செருப்பை மாட்டும்போது, பாதி திறந்திருந்த கதவு வழியே டாக்டரின் சிரிப்பு கேட்டது.

“‘நான் சொன்னா எடுபடாது, அவர் வாயாலயே வரணும்’னு நேத்து தனியா வந்து சொன்னீங்களே சண்முகவடிவு… நீங்க போட்டுக் குடுத்த திட்டப்படியே, ஊசியைப் பார்த்ததும் உங்க மாமா ஒண்ணு விடாம கொட்டிட்டார்.”