ஜீப்புக்கு வந்த கரண்ட்

"இது பட்டாளத்து ஜீப்பு, ஆசீர்வாதம். யுத்தத்துல ஓடினது. இதுல ஊட்டு கரண்ட்டு வருமா, வராதா? அத்தச் சொல்லு!"

திருவள்ளூர் ரயில்வே கேட்டை ஒட்டிய அந்த ஒர்க்‌ஷாப்பில் துளசிராமன் போட்ட சத்தத்துக்கு, எதிர் டீக்கடையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஜீப்பின் பின் சீட்டில் இருந்த அவர் மனைவி கனகாம்பாள் மட்டும் திரும்பவில்லை. இருபது வருஷமாகக் கேட்டுப் பழகிய சத்தம்.

"வரும் மொதலாளி. இன்வர்ட்டர்னு ஒரு பெட்டி கீது. பாட்டரி கரண்ட்ட ஊட்டு கரண்ட்டா மாத்திக் குடுத்துடும்" என்றான் மெக்கானிக் ஆசீர்வாதம். "ஆமா, ஜீப்புக்கு இன்னாத்துக்கு ஊட்டு கரண்ட்டு?"

"மைக்கு செட்டு வைக்கறதுக்குப்பா! பஞ்சாயத்துத் தலைவருக்கு நிக்கறேன். போன தபா நாப்பது ஓட்டுல தோத்தேன். ஏன் தெரியுமா? மைக்கு இல்ல. என் பேச்சு ஜனங்க காதுக்குப் போய்ச் சேரல."

கடம்பத்தூருக்கு அந்தப் பக்கம் துளசிராமனுக்குப் பன்னிரண்டு ஏக்கர் நஞ்சை. குறை என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஏரி மதகு உடைந்து மூன்று வருஷமாகியும் தலைவர் குப்புராஜ் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கடைசி வயல்களுக்குத் தண்ணீர் போகவில்லை. அந்த மதகைக் கட்டிவிட வேண்டும் என்று துளசிராமனுக்கு உண்மையிலேயே ஆசை. இந்த முறையும் தோற்றால் ஊரில் தலைகாட்ட முடியாது என்ற பயமும் இருந்தது.

ஆசீர்வாதம் வேலையை ஆரம்பித்தான். இன்வர்ட்டருக்கென்று தனியாக ஒரு லாரி பாட்டரியை வைத்தான். விரல் பருமன் வயரை இழுத்தான். முன் சீட்டுக்கு அடியில் பெட்டியை வைத்து, இரும்புப் பட்டை போட்டு முறுக்கினான். அதுவரைக்கும் துளசிராமன் டீக்கடையில் நின்று, வந்தவன் போனவனுக்கெல்லாம் மதகைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். கனகாம்பாள்தான் பக்கத்தில் நின்று வேலையைப் பார்த்தாள்.

மறுநாள் காலை ஜீப் மேட்டுத் தெருவில் போய் நின்றது. இன்வர்ட்டர் வண்டுபோல ரீங்காரம் போட, ஒலிபெருக்கிக் குழாயில் சாமி பாட்டு கணீரென்று கேட்டது. தெருவே திரண்டுவிட்டது. பின் சீட்டில் கனகாம்பாள் உட்கார்ந்திருக்க, துளசிராமன் மைக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"மகா ஜனங்களே! போன தபா குப்புராஜுக்கு ஓட்டுப் போட்டீங்களே, உங்களுக்கெல்லாம் புத்தி…"

மைக் செத்தது.

துளசிராமன் பெட்டியை ஓர் உதை விட்டார். வயரை ஆட்டினார். பாட்டு போட்டார். பாட்டு பிரமாதமாக வந்தது. மறுபடியும் மைக்கை எடுத்தார்.

"இந்தத் தெருவுல குடிக்காத ஆம்பள ஒருத்தனாவது…"

மறுபடியும் செத்தது.

அடுத்த தெருவிலும் அதே கதை. அதற்கடுத்த ஊரிலும் அதே கதை.

"பாட்டு போட்டா பாடுது. நான் வாயத் தொறந்தா சாவுது! இன்னா பேஜாரு இது? அந்த ஆசீர்வாதத்த உண்டு இல்லன்னு பண்றேன் பாரு!"

"எலெக்‌ஷன் முடியட்டுங்க. இப்ப அவனத் தேடிக்கினு போனா ஒரு நாளு வீணாப் பூடும்" என்றாள் கனகாம்பாள்.

வழியெல்லாம் இன்வர்ட்டரைத் திட்டித் திட்டியே இரண்டாம் நாள் துளசிராமனுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. காற்றுதான் வந்தது.

"எறங்கி ஊடு ஊடாப் போயி கும்புடுங்க. வேற வழி?" என்றாள் கனகாம்பாள்.

போனார். பேச முடியாததால் கேட்டார். கங்கம்மாள் என்ற கிழவி அவரைக் கையைப் பிடித்து இழுத்துப் போய், பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த தன் வயலைக் காட்டி அழுதாள். ஆறுதல் சொல்லக் குரலில்லை. குனிந்து ஒரு மண்கட்டியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். அவருக்கும் கண் கலங்கிவிட்டது.

"போன தபா வந்து நம்மள நாறடிச்சிட்டுப் போனாரு. இந்த தபா இன்னா பணிவு பாத்தியா!" என்று ஊரெல்லாம் பேச்சு.

நூற்றுப் பன்னிரண்டு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார்.

வெற்றி மாலையைக் கழற்றாமலே, கனகாம்பாளையும் ஏற்றிக்கொண்டு ஜீப்பை ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டி வந்தார். தொண்டையும் சரியாகிவிட்டிருந்தது.

"இன்னாய்யா பெட்டி மாட்டின? அது மட்டும் ஒழுங்கா இருந்திருந்தா ஐந்நூறு ஓட்டுல ஜெயிச்சிருப்பேன்! நாளைக்கி ஊர் ஊரா நன்றி சொல்லப் போறேன். அதுக்குள்ள சரி பண்ணு!"

ஆசீர்வாதம் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். துளசிராமன் டீக்கடைப் பக்கம் நடந்தார். பாதி வழியில், மேல்துண்டை ஜீப்பிலேயே விட்டுவிட்டது நினைவுக்கு வர, திரும்பி வந்தார். ஜீப்புக்குப் பின்னால் ஆசீர்வாதத்தின் குரல் தணிந்து கேட்டது.

"மொதலாளிதான் ஜெயிச்சிட்டாரே, அம்மா. மைக்க அணைக்கிறதுக்கு உங்க காலுக்கடில ஒரு ஸ்விட்சு வைக்கச் சொன்னீங்களே, அத்தக் கழட்டிடட்டுமா?"

"ஐயோ, இருக்கட்டும்பா" என்றாள் கனகாம்பாள். "இன்னும் அஞ்சு வருஷம் அவரு பேசணுமில்ல!"