முந்நூற்றெட்டும் ஆறரையும்

கிறகரி புல்லில் குப்புறக் கிடந்தார். கடைசி வெடி ஓய்ந்து ஒரு நிமிடமாகியும் அவர் அசையவில்லை. இரண்டடி தள்ளி றொக்சனும் அதே மாதிரி முகங்கவிழ்ந்து கிடந்தான்.

"முடிஞ்சுது. ரெண்டு பேரும் எழும்புங்கோ," என்றார் றெஜினா.

இருவரும் எழுந்து முழங்காலில் ஒட்டியிருந்த ஈரமண்ணைத் தட்டினார்கள். மொன்றியலிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம் ஓடி வந்தால் இந்தத் துப்பாக்கி சுடும் திடல் வரும். றெஜினா கிழமை நாட்களில் கோட்-டெ-நெய்ஜ் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் கட்டில்களைத் தள்ளுகிறவர். சனிக்கிழமைகளில் இங்கே பாதுகாப்பு அலுவலர்.

அன்று தீரவேண்டியிருந்தது, யாருடைய ரவை திறம் என்ற இரண்டு மாத வழக்கு. கிறகரியின் துவக்கு முந்நூற்றெட்டு என்ற தோட்டா போடுவது. தடித்த ரவை, பழைய ரவை. எந்தக் கடையிலும் கிடைக்கும், குழலும் கனகாலம் தேயாது என்பது அவர் கட்சி.

றொக்சன் கோயில் பாடகர் குழுவில் அவருக்குப் பக்கத்தில் நின்று பாடுகிறவன். இந்தக் கோடையில்தான் லைசென்ஸ் எடுத்து, ஆறரை மில்லிமீற்றர் ரவை போடும் துவக்கு ஒன்றை வாங்கியிருந்தான். அது மெலிந்த ரவை, தூரத்துக்குப் போகும்போது காற்று அதை அவ்வளவாகத் தள்ளாது, தோளிலும் உதைக்காது என்று வாட்சப்பில் படம் படமாக அனுப்பினான். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்த கையோடு கோயில் வாசலிலும் இதே கதைதான்.

வெளியே மறுத்தாலும் கிறகரியின் மனதில் ஆறரை மெல்லப் புகுந்துவிட்டது. ஆனால் மனைவி அக்னெஸ் ஒரே முடிவாகச் சொல்லியிருந்தார்: வீட்டில் ஒரு துவக்குத்தான், புதிது வந்தால் பழையது போகவேண்டும். பதினொரு வருடமாகத் தன் கையால் எண்ணெய் பூசிய துவக்கைக் கொடுப்பதென்றால் சும்மாவா? அதனால்தான் இந்தச் சோதனை. அறுநூறு மீற்றர் தூரம், ஆளுக்குப் பத்து ரவை. எந்த ரவை வெல்லுகிறதோ, அதுவே இனி வீட்டில்.

மண்மேட்டின் முன்னால் எட்டு அட்டைகள் வரிசையாக நின்றன. ஏழாவது கிறகரிக்கு, எட்டாவது றொக்சனுக்கு. றெஜினா தன் வண்டியில் இருவரையும் ஏற்றிக்கொண்டு போனார்.

ஏழாம் அட்டை கடையிலிருந்து வந்தபடியே இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை. கிறகரி கிட்டப் போய்ப் பார்த்தார். பிறகு அட்டையின் பின்பக்கத்தையும் போய்ப் பார்த்தார்.

எட்டாம் அட்டையின் நடுவில், ஓர் இடியப்பத் தட்டளவு வட்டத்துக்குள், ஓட்டைகள் நெருங்கிக் கிடந்தன. கீழ் மூலையில் இரண்டு மட்டும் சிதறியிருந்தன. றெஜினா காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து நடு ஓட்டைகளுக்குள் ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்தார். சுகமாகப் போய் வந்தது. மூலையில் இருந்த இரண்டுக்குள்ளும் அது நுழையவில்லை.

றொக்சனுக்கே நம்ப முடியவில்லை. சுடும்போது பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்ததாக அவன் உள்ளதைச் சொன்னான். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்ட கிறகரி அவன் முதுகில் தட்டினார். இந்தத் தூரத்தில் முந்நூற்றெட்டைக் காற்று எங்கேயோ கொண்டுபோய்விட்டது, ஆறரை கண்ணை மூடிச் சுட்டாலும் நேரே போகிறது, இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று கேட்டார்.

றெஜினா எட்டாம் அட்டையைக் காட்டி, அதை வடிவாகப் பார்க்கச் சொன்னார். கிறகரி கையைத் தூக்கி மறித்தார். தோல்வி என்றால் தோல்விதான், தனக்கு ஆறுதல் சொல்லத் தேவையில்லை என்றார்.

பிறகு துவக்கை இன்றைக்கே விற்கப்போவதாக அறிவித்தார். றெஜினா, அவசரப்படவேண்டாம், அட்டையை இன்னொருமுறை பார்த்துவிட்டுப் பேந்து முடிவெடுக்கலாம் என்றார். கிறகரி கேட்கவில்லை. காற்றைப் பற்றி ஏதோ விளங்கப்படுத்தினார். றெஜினா மறுபடி வாயைத் திறந்தார். தான் ஒரு முடிவெடுத்தால் எடுத்ததுதான் என்று கிறகரி முடித்துவிட்டார். அப்படியென்றால் தானே வாங்கிக்கொள்வதாக றெஜினா சொன்னார். உரிமை மாற்றும் படிவமெல்லாம் திங்கட்கிழமை நிரப்புவது என்று பேசி, கிறகரி கை கொடுத்தார். 

மனதைத் தேற்றிக்கொள்ள அவர் மற்ற வேலைகளில் இறங்கினார். றொக்சனை எட்டாம் அட்டையோடு நிற்கவைத்துப் படமெடுத்து, பாடகர் குழுவின் வாட்சப்பில் போட்டார். செப்டெம்பரில் நடக்கவிருந்த கழகங்களுக்கிடையிலான போட்டிக்குத் தன் பெயரை வெட்டி, அந்த இடத்தில் றொக்சனின் பெயரை எழுதவைத்தார். அதன்பின் அக்னெஸுக்குச் சொல்லப் போனை எடுத்துக்கொண்டு காருக்குப் பின்னால் போனார். பழையது போய்விட்டது என்றதும் அக்னெஸ் முதலில் கேட்டது, உடம்புக்கு ஒன்றுமில்லையே என்றுதான்.

றெஜினா கிறகரியின் துவக்கை உறையில் போட்டு மூடிக்கொண்டிருந்தார். றொக்சன் கிட்டப் போனான். அவனுடைய போனில் வாழ்த்துகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன.

"அக்கா, பேப்பரிலையே படாத துவக்கை ஏன் வாங்குறீங்கள்?"

றெஜினா கார்ப்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மூண்டு தரம் சொல்ல வெளிக்கிட்டனான் தம்பி, அவர் விடேல்லை. கிறகரி அண்ணை சுட்டது உம்மடை அட்டைக்கு."