மறுகூட்டல்

“விழாவைப் பதினைஞ்சு நாள் தள்ளி வைக்கணும்” என்றார் ஊர்ச் சங்கச் செயலாளர் சூசைமுத்து.

கமிட்டியில் யாருக்கும் பிடிக்கவில்லை.

அந்த வருஷம் காரைக்காலிலிருந்து திருச்சிக்குப் போய் ரசாயனத்தில் பி.எஸ்ஸி. தேறியவர்கள் நாலு பேர். நாலு பேருக்கும் பாராட்டு, முதல் மார்க்குக்குத் தங்க மெடல் என்று சங்கம் அறிவித்திருந்தது. அந்த முதல் மார்க்கில்தான் சிக்கல். சூசைமுத்துவின் மகள் சலோமியும் ஜவுளிக்கடை மதார் சாகிப்பின் மகள் மெஹர் பானுவும் சரிசமம்.

“சீட்டுக் குலுக்கிப் போட்டா முடிஞ்சுது. எதுக்குங்க தள்ளணும்?” என்றார் மதார் சாகிப்.

“மறுகூட்டல் கேட்டு யுனிவர்சிட்டிக்கு எழுதியாச்சு. பதில் வரட்டுங்க.”

“எழுதினது யாரு?”

“சலோமி.”

அன்று சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

“ஒரு மார்க் கூடினாப் போதுமே, மெடல் அவங்க வீட்டுக்குப் போயிடும்.”

“செயலாளர் பிரெஞ்சுக்காரன் ஆபீசுல வேலை பார்த்த மனுஷன். காரியம் சாதிக்கத் தெரியாதா?”

மெஹர் பானு நேரே சலோமி வீட்டுக்கே வந்துவிட்டாள். இன்டர்மீடியட்டிலிருந்தே நாலு வருஷம் ஹாஸ்டலில் ஒரே அறையில் இருந்தவர்கள்.

“கேட்டிருந்தா நானே விட்டுக் கொடுத்திருப்பேனேடி!”

“விட்டுக் கொடுத்து வாங்குற சாமானா இது?” என்றாள் சலோமி. “பதில் வராம விழா நடக்கக் கூடாது. நடந்தா நான் மேடையேற மாட்டேன்.”

“அவ்வளவு ஆசையா அந்த மெடல் மேல?”

மெஹர் பானு கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

பதினோராம் நாள் பதில் வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையே விழா. மண்டபத்தில் நிற்கக்கூட இடமில்லை.

சூசைமுத்து எழுந்தார்.

“மறுகூட்டல்ல சலோமிக்குப் பதினெட்டு மார்க் குறைஞ்சிருக்கு. தங்க மெடல் மெஹர் பானுவுக்கு.”

மண்டபமே சிரித்தது.

“நல்லா வேணும்! இருந்ததும் போச்சு!”

மெஹர் பானு மெடலை வாங்கிக்கொண்டாள். சலோமி பக்கம் அவள் திரும்பவே இல்லை. சலோமி மட்டும் நிறுத்தாமல் கைதட்டிக்கொண்டிருந்தாள்.

மதார் சாகிப்புக்கு அதோடு விட மனசில்லை. மேடையேறினார்.

“அந்தக் கடுதாசியைக் கொடுங்க. எல்லாருக்கும் நானே படிச்சுச் சொல்றேன்.”

“வேண்டாங்க, அதான் முடிவு சொல்லியாச்சே” என்றார் சூசைமுத்து.

“ஊரு தெரிஞ்சுக்கட்டும்ங்க!” என்று பிடுங்காத குறையாக வாங்கினார். ரங்கூனில் கடை வைத்திருந்தவர், இங்கிலீஷ் நன்றாக வரும். ஒவ்வொரு வரியாகப் பார்த்துத் தமிழில் உரக்கச் சொன்னார்.

“‘அறுபத்தெட்டு என்பது கைத்தவறுதலாக எண்பத்தாறு என்று பதிவாகியிருக்கிறது. தாங்கள் எழுதிய மனுவின் பேரில் அது திருத்தப்பட்டது.’ கேட்டுக்கிட்டீங்களா? கீழே மனுவோட நகலும் இருக்கு!”

அதையும் சொல்லத் தொடங்கியவரின் குரல் போகப் போக இறங்கியது.

“‘ஐயா, மூன்றாம் தாளில் நான் பதில் எழுதியதே எண்பது மார்க்குக்குத்தான். எனக்கு எண்பத்தாறு போட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து குறைத்துத் தாருங்கள்.’”