மோப்பம்

வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் அவள் வந்து நின்றுவிட்டாள். கணவனின் சட்டைக் காலரை இழுத்து மோந்து பார்த்தாள். அடுத்து சட்டைப் பையைத் துழாவினாள்.

"கையைக் காட்டுங்க."

நீட்டினார். விரல் விரலாக மோந்தாள்.

"எங்க போயிட்டு வர்றீங்க?"

"டெப்போவுல இருந்து நேரா வீட்டுக்குத்தான் வர்றேன்."

"யாரு காதுல பூ சுத்தறீங்க? முழியே சரியில்ல. எந்தக் கடையில கறி தின்னீங்க?"

வேறொருத்தியின் வாசனையைத் தேடுகிறாள் என்று நினைத்தவர்கள் மன்னிக்கவும். அந்த அளவுக்கெல்லாம் அவருக்குச் சாமர்த்தியம் உண்டு என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை.

அவர் பஸ் டிரைவர். வலது கால் கட்டைவிரல் வீங்கிச் சிவந்து, பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் உயிர் போய்ப் போய் வந்தது. யூரிக் ஆசிட் ஏறியிருக்கிறது, முதலில் சாப்பாட்டை மாற்றுங்கள் என்றார் டாக்டர். மூன்று மாதத்தில் குறையாவிட்டால் ஸ்டியரிங்கைத் தொட விடமாட்டோம், டிக்கெட் கவுன்ட்டரில்தான் உட்கார வேண்டும் என்று டெப்போ மேனேஜரும் சொல்லிவிட்டார். இருபத்திரண்டு வருஷமாக வண்டியைத் தவிர வேறெதையும் அறியாத மனுஷன் ஆடிப்போய்விட்டார்.

அன்றே சமையலறையில் அவள் ராஜ்ஜியம் தொடங்கியது. கறி போச்சு, மீன் போச்சு, ஈரல் போச்சு, மாதம் ஒருமுறை குடித்த பீரும் போச்சு. காலையும் மாலையும் ஆரஞ்சுப் பழத்தைத் தானே பிழிந்து, தேன் விட்டுக் கலக்கி, பெரிய டம்ளர் நிறையக் கொடுத்தாள். கடைசிச் சொட்டு இறங்கும்வரை பக்கத்திலேயே காவல் நின்றாள். அவள் விரல்களில் எந்நேரமும் ஆரஞ்சுத் தோல் வாசனைதான்.

இத்தனை பாடுபட்டும் எட்டரையில் இருந்த யூரிக் ஆசிட் அடுத்த ரிப்போர்ட்டில் ஒன்பதே கால் ஆனது. அப்படியானால் என்ன அர்த்தம்? திருட்டுத் தீனி!

"நாக்கை அடக்கத் தெரியாத ஜென்மம்" என்று அம்மாவிடம் சொன்னாள், எதிர்வீட்டுக்காரியிடம் சொன்னாள், பால்காரரைக்கூட விட்டுவைக்கவில்லை. அதே டெப்போவில் மெக்கானிக்காக இருக்கும் தன் தம்பியை உளவுக்கு வைத்தாள். ஒரு வாரம் கழித்து அவன் வந்தான்.

"அக்கா, மாமா நீ குடுக்கற டப்பாவைத் தவிர வேற எதையும் தொடறதில்லக்கா. நாங்க மீன் வறுவலைப் பிரிச்சா எழுந்து வெளிய போயிடறாரு."

"ஓஹோ, உன்னையும் கைக்குள்ள போட்டுக்கிட்டாரா? எத்தனை மீன் துண்டுக்கு வெலை போன?"

உலகத்தில் அவள் நம்பியது தன் மூக்கை மட்டும்தான். அவரும் பதில் பேசுவதை விட்டுவிட்டார். டம்ளரை வாங்குவார், குடிப்பார், கையை நீட்டுவார்.

மூன்றாவது ரிப்போர்ட்டில் ஒன்பது புள்ளி எட்டு. அதை டாக்டரின் மேஜைமேல் போட்டுவிட்டு அவள் ஆரம்பித்தாள்.

"நீங்களே கேளுங்க டாக்டர். நான் கேட்டா பொய்தான் வருது. நாளைக்கு இவரு கவுன்ட்டர்ல குந்திக்கிட்டு டிக்கெட் கிழிக்கப் போறாரு. எனக்குத்தான் மானம் போகுது."

"வெளிய ஏதாவது சாப்பிடறீங்களா?" என்று டாக்டர் அவரைக் கேட்டார்.

"இல்லங்க."

அவள் உதட்டைச் சுழித்தாள். "பாத்தீங்களா? கூசாமச் சொல்றாரு."

"சரிம்மா, நீங்க வீட்டுல என்ன குடுக்கறீங்க?"

இதற்காகவே மூன்று மாதமாகக் காத்திருந்தவள்போல் நிமிர்ந்து உட்கார்ந்து ஒப்பித்தாள். காய்கறி, மோர், கஞ்சி என்று வரிசையாக வந்து கடைசியில் டம்ளரில் நின்றாள்.

"வேளைக்கு ஆறு பழம் டாக்டர். மூணு ஸ்பூன் தேன். என் கையாலயே பிழியறேன். ஒருநாள் தவறினதில்ல."

எழுதிக்கொண்டிருந்த டாக்டரின் பேனா நின்றது. "தினம் பன்னெண்டு பழமா?"

"பின்ன? உடம்பு தேற வேணாமா?"

"அம்மா, பழத்தை முழுசா ஒண்ணு சாப்பிட்டா பரவாயில்ல. இப்படிச் சாறாப் பிழிஞ்சு, தேனும் விட்டுக் குடிச்சா அந்த இனிப்பே யூரிக் ஆசிடை ஏத்தும். கறிய நிறுத்திக் குறைச்சதை இந்த டம்ளர் ஏத்தி விட்டிருக்கு. இன்னிக்கே நிறுத்துங்க. மாத்திரையும் எழுதறேன். இவரு மேல தப்பில்ல, கொஞ்சம் டைம் குடுங்கன்னு டெப்போவுக்கும் லெட்டர் தர்றேன்."

அவள் மேஜைமேல் கிடந்த ரிப்போர்ட்டை எடுத்து மடித்தாள்.

டிரைவர் வீங்கிய காலை மெல்ல இழுத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"எங்க, கையைக் காட்டு. மோந்து பாக்கணும்."